சாம்பிராணிப் புகையில் பிறந்த பெயர்: பென்சீன்

சென்ற கோடையில் எங்கள் வீட்டில் ஒரு சிறு விசாரணை நடந்தது. கடையில் வாங்கிவந்த எலுமிச்சைச் சர்பத்துப் புட்டியின் பின்புறத்தில், பொடி எழுத்தில், ‘சோடியம் பென்சோயேட், ஐ.என்.எஸ். 211’ என்று அச்சிடப்பட்டிருந்தது. உம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனால் பொடி எழுத்தின் மீதுள்ள ஐயம் மங்கவில்லை. “நம்பர் போட்டு மறைச்சிருக்கான் பாரு, என்ன கொழுப்போ என்னவோ” என்று புட்டியைத் தள்ளி வைத்தார். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிக்கும் என் மகள், “வாப்பும்மா, இது பென்சீன் வளையத்திலிருந்து வருவது” என்று ஒரு தாளில் அறுகோணம் வரைந்து காட்டினாள். “பென்சீன் என்றால் என்ன அர்த்தம்?” என்று உம்மா கேட்டதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். மஃரிபுக்குச் சற்று முன்னான நேரம். கரண்டித் தணலில் இட்ட சாம்பிராணியின் புகை அங்கிருந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

உம்மா கேட்ட கேள்விக்கு விடை அந்தப் புகையில்தான் இருந்தது. பென்சீன், பென்சோயேட், பென்சோயிக் அமிலம் என்று கரிம வேதியியல் நூல்களில் நூற்றுக்கணக்கில் வரும் பெயர்களுக்கெல்லாம் மூலம், ‘லுபான் ஜாவி’ என்னும் அரபு வணிகச் சொல். நாம் சாம்பிராணி என்று சொல்லும் அதே பிசினுக்கு அரபு வணிகர் இட்ட பெயர் அது.

நறுமணப் புகைக்கு நம் மார்க்க வரலாற்றில் இருக்கும் இடம் புதிதன்று. ஹதீஸ் நூல்களைப் புரட்டுவோர் நுஐம் அல்முஜ்மிர் என்ற பெயரைக் கண்டிருப்பர். அபூஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்து அறிவித்த தாபியீன்களுள் ஒருவர் அவர். புகாரியிலும் அவருடைய அறிவிப்புகள் உண்டு. ‘முஜ்மிர்’ என்றால் தணலில் நறுமணப் பொருளிட்டுப் புகையூட்டுபவர். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்குப் புகையூட்டும் பணியினால் அக்குடும்பத்துக்கு அப்பெயர் நிலைத்தது. ஒரு மனிதரின் கல்விக்கு முன்பாக அவர் சுமந்த தூபக்கலம் பெயராகி நிற்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அரபுத் தீபகற்பத்தின் தொன்மையான புகைப்பொருள் ‘லுபான்’. ஓமானின் ளுஃபார், யமனின் ஹள்ரமவ்த் ஆகிய பகுதிகளின் வறண்ட குன்றுகளில் வளரும் மரத்தின் பிசின் அது. மரப்பட்டையைக் கீறினால் பால்போல் வெண்மையாக வடிந்து உறையும். பாலைக் குறிக்கும் ‘லபன்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரின. உருதுவில் அதுவே ‘லோபான்’ ஆயிற்று. தமிழ் மருத்துவ நூல்கள் இவ்வின மரங்களின் பிசினைக் குந்துருக்கம் எனக் கூறும். ஆகவே லுபான் வேறு, சாம்பிராணி வேறு. இரண்டும் தணலில் புகையும், இரண்டும் மணக்கும். ஆனால் மரமும் மண்ணும் முற்றிலும் வேறு.

சாம்பிராணி மரம் அரபு மண்ணில் வளர்வதில்லை. அதன் தாயகம் சுமத்திராவின் மலைக்காடு. வடசுமத்திராவின் பத்தாக் மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மரங்களை வளர்த்துப் பிசின் எடுத்து வருகின்றனர். நட்டு ஏழெட்டு ஆண்டு ஆன மரத்தின் பட்டையைக் கீறி விடுவர். வடியும் பால் காற்றுப்பட்டு இறுகச் சில மாதங்களாகும். பிறகு சுரண்டி எடுப்பர். முதலில் கிடைக்கும் வெண்ணிறத் துண்டுகளே உயர்ந்தவை. பின்னர் வருபவை பழுப்பேறியும் பட்டைத் துகள் கலந்தும் இருக்கும். மலையிலிருந்து அவை மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைக்கு இறங்கும். கர்ப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர்போன துறை அது. அதனருகே லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் அங்கே தங்கி வணிகம் செய்ததற்கான சான்று அது. பிற்காலத்தில் காயல், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை மரக்காயர்கள் சோழமண்டலக் கரையின் துணியை ஏற்றிக்கொண்டு ஆச்சே, கெடா, மலாக்கா சென்றது, அந்தப் பழைய கடல்வழியின் தொடர்ச்சியே.

இனி ‘ஜாவி’ என்ற அடைமொழியைப் பார்ப்போம். இன்று ஜாவா என்றால் ஜகார்த்தா இருக்கும் தீவு. இடைக்கால அரபு வழக்கிலோ அப்பெயர் சுமத்திராவையும் சேர்த்து அக்கடற்பகுதி முழுமையையும் குறித்தது. மக்காவில் கல்வி கற்க வந்து தங்கிய மலாய்த் தீவினர் அனைவரும், எந்தத் தீவினராயினும், ‘ஜாவி’ என்றே அழைக்கப்பட்டனர். மலாய் மொழியை அரபெழுத்தில் எழுதும் முறைக்கும் ஜாவி என்றே பெயர். இப்னு பதூதா, நம் மதுரை சுல்தானகத்தில் சில காலம் தங்கியிருந்த பின், 1345ஆம் ஆண்டளவில் சுமத்திராவின் சமுத்திரா என்னும் துறையை அடைந்தார். அதை ஜாவா என்றே எழுதுகிறார். அங்கு ஆண்ட சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றியவர் என்றும், ஃபிக்ஹு விவாதங்களில் நாட்டமுடையவர் என்றும் மகிழ்ந்து குறிப்பிடுகிறார். அத்தீவின் விளைபொருள்களுள் சாம்பிராணி மரத்தையும் வருணிக்கிறார். ஆனால் அது ஆள் உயரத்துக்கு மேல் வளராது என்கிறார். உண்மையில் அது நெடிதோங்கும் மரம். துறைமுகத்தில் மூட்டையைக் கண்டார், மலைமேல் மரத்தைக் காணவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. பெரும் பயணிகளும் சிலவற்றைக் கேட்டுத்தான் எழுதினர்.

ஆக, ‘லுபான் ஜாவி’ என்றால் ‘ஜாவாவின் லுபான்’. இந்தப் பெயரில் நான் மதிப்பது அதன் நேர்மையை. சரக்கு புதிது, வாங்குபவன் அறியாதது. அவன் அறிந்த பொருளின் பெயரைச் சொன்னால்தான் விலைபோகும். வெறுமனே லுபான் என்று விற்றிருக்கலாம். ஊரையும் சேர்த்துச் சொன்னதால், ‘இது ஹள்ரமவ்த்தின் சரக்கன்று, கடலுக்கு அப்பாலிருந்து வந்தது’ என்பது பெயரிலேயே அடங்கிவிட்டது. அவர்கள் நேர்மை கருதித்தான் அப்படிப் பெயரிட்டார்களா, தரம்பிரிக்கும் வசதிக்காகவா என்று வாதிடலாம், விளைவு ஒன்றுதான். இதற்கு நேர்மாறான வேடிக்கையும் நடந்தது. சீனர் இதே பிசினை ‘அன்சி நறுமணம்’ என்றனர். அன்சி என்பது பாரசீகப் பகுதிக்கு அவர்கள் இட்ட பழம்பெயர். மேற்கிலிருந்தவர் கிழக்கின் பெயரையும், கிழக்கிலிருந்தவர் மேற்கின் பெயரையும் சூட்டினர். மரத்தைக் கீறிய பத்தாக் மக்களின் பெயரை எவரும் சூட்டவில்லை.

அரபு வணிகரிடமிருந்து இச்சரக்கு எகிப்து வழியாக மத்தியதரைக் கடலுக்குச் சென்றது. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய மம்லூக் சுல்தான்கள் வெனிஸ் நகர ஆட்சித் தலைவர்களுக்கு அனுப்பிய பரிசுகளில் இதுவும் இடம்பெற்றது. அரசர்கள் அரசர்களுக்குக் கொடுக்கும் பொருளாக இருந்தது. அங்கேதான் சொல்லுக்கு ஒரு விபத்து நேர்ந்தது. கட்டலான், இத்தாலியம் போன்ற மொழிகளில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘லோ’ என்று ஒரு சுட்டு வரும். அரபியில் ‘அல்’ வருவதுபோல. ‘லுபான் ஜாவி’யைக் கேட்ட அவர்கள் முதலிலிருந்த ‘லு’வைத் தங்கள் சுட்டு என்று கருதி உதிர்த்துவிட்டனர். எஞ்சிய ‘பான்ஜாவி’ கட்டலானில் ‘பெஞ்சுயி’ ஆயிற்று. போர்ச்சுகீசில் ‘பெய்ஜோயின்’ ஆயிற்று. இத்தாலியத்தில் ‘பென்சோயி’ ஆயிற்று. ஆங்கிலேயரோ ‘பென்சாயின்’ என்று சொன்னதோடு நில்லாமல், ‘பெஞ்சமின் பிசின்’ என்றும் வழங்கினர். யஅகூப் (அலை) அவர்களின் இளைய மகன் புன்யாமீனுக்கும் சுமத்திரா மரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு அலைந்தவர்கள் இருந்திருக்கக் கூடும். தொடர்பு ஏதுமில்லை, நாவுக்குப் பழகிய பெயரை நோக்கிச் சொல் சரிந்தது, அவ்வளவே.

மற்ற அரபுச் சொற்களோடு இதை ஒப்பிடுவது சுவையானது. கண்ணுக்கிடும் சுர்மாவைக் குறித்த ‘அல்குஹ்ல்’ ஐரோப்பாவில் ‘ஆல்கஹால்’ ஆனபோது, ‘அல்’ என்னும் சுட்டு விலகாமல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது; பொருள்தான் முற்றிலும் மாறிப்போயிற்று. நீலச் சாயத்தைக் குறித்த ‘அந்நீல்’ போர்ச்சுகல் வழியாகச் சென்று ‘அனிலின்’ என்ற வேதிப்பெயரானபோதும் சுட்டு ஒட்டிக்கொண்டது. அதன் அடியில் இருப்பது நம் நாட்டு நீலமே. அங்கெல்லாம் சுட்டைச் சொல்லின் பகுதி என்று மயங்கியவர்கள், இங்கே சொல்லின் பகுதியையே சுட்டு என்று மயங்கினர்.

விபத்துக்கு முந்தைய வடிவத்தை நினைவில் வைத்திருந்தவர்களும் உண்டு. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் அச்சான தம் மருந்துப்பொருள் நூலில், இப்பிசினை முஸ்லிம்கள் ‘லுவான் ஜாவி’ என்பர், ஜாவாவின் தூபம் என்பது அதன் பொருள் என்று தெளிவாகவே பதிந்திருக்கிறார். உள்நாட்டார் இதைக் ‘கெமென்யான்’ என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மலாயில் இன்றும் அதுவே பெயர்.

பிசினிலிருந்து வேதியியலுக்குச் சொல் ஏறிய கதை 16ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பென்சாயினை மூடிய கலத்தில் மெல்லச் சூடாக்கினால், ஆவி எழுந்து மேல்மூடியில் வெண்ணிற ஊசிகளாகப் படியும். ஐரோப்பிய மருந்தாளர் இதைப் ‘பென்சாயின் பூக்கள்’ என்றனர். கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்தாளர் 1775இல் பிசினைச் சுண்ணாம்போடு கொதிக்கவைத்துப் பிரிக்கும் சிக்கனமான வழியைக் கண்டார். இந்தப் பூக்களே பென்சோயிக் அமிலம். 1832இல் ஜெர்மானியர் லீபிக்கும் வோலரும், கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்தபோது, அதிலும் இந்த அமிலத்திலும் ஒரே அணுத்தொகுதி மாறாமல் தொடர்வதைக் கண்டு, அதற்குப் பென்சோயில் என்று பெயரிட்டனர். கரிம வேதியியல் ஒரு துறையாகத் தலைநிமிர்ந்த தருணங்களுள் அது ஒன்று.

இதற்கிடையில், இப்பெயரோடு எத்தொடர்பும் இல்லாத ஓரிடத்தில் ஒரு திரவம் கிடைத்திருந்தது. 1825இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கும் வாயுவை உருளைகளில் அழுத்தி அடைக்கும்போது அடியில் தங்கிய எண்ணெய்க் கசடை ஆராய்ந்து, அதிலிருந்து தெளிந்த ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்தார். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டது அது. அவர் இட்ட பெயர் நீண்டது, நிலைக்கவில்லை. 1833இல் பெர்லினில் எய்ல்ஹார்ட் மிட்செர்லிக், பென்சோயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்து வாலை வடித்தார். அமிலத்திலிருந்த கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ள, எஞ்சி வடிந்தது ஃபாரடே கண்ட அதே திரவம். சாம்பிராணியின் அமிலத்திலிருந்து வந்ததால் அவர் அதற்குப் ‘பென்சின்’ என்று பெயரிட்டார். லீபிக்குக்கு அது பிடிக்கவில்லை. ‘இன்’ என்று முடிந்தால் குயினின், ஸ்டிரிக்னின் போன்ற பொருள்களோடு குழம்பும் என்று கூறி, எண்ணெயைக் குறிக்கும் ஈற்றுடன் ‘பென்சால்’ என்று மாற்றினார். ஜெர்மானியர் இன்றும் பென்சால் என்றே சொல்ல, ஆங்கிலமும் பிரெஞ்சும் பென்சீன் என்ற வடிவில் நிலைகொண்டன.

கைவிடப்பட்ட ‘பென்சின்’ என்ற சொல்லும் வீணாகவில்லை. ஜெர்மனியில் இன்று பெட்ரோலுக்குப் பெயர் அதுதான். பென்ஸ் காரின் பெயரால் வந்ததென்று பலர் நினைப்பர். அக்காரைச் செய்த கார்ல் பென்ஸ் பிறந்தது 1844இல். சொல் அவருக்கு மூத்தது. அவருடைய குடும்பப் பெயருக்கும் நம் பிசினுக்கும் தொடர்பில்லை. இத்திரவத்துக்கு இன்னொரு பெயரும் முன்மொழியப்பட்டது. விளக்கு வாயுவில் கிடைத்ததால், ‘ஒளிர்தல்’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஃபீன்’ என்றார் பிரெஞ்சுக்காரர் லோரான். அது தோற்றது, ஆனால் ஃபீனால், ஃபீனைல் ஆகியவற்றில் ஒட்டி உயிர்வாழ்கிறது. நாம் தரை கழுவும் ஃபினாயிலின் பெயரும் அக்குடும்பத்ததே.

பின்பு நடந்ததை விரைந்தே கடக்கலாம். 1845இல் ஹோஃப்மன் நிலக்கரித் தாரில் பென்சீன் இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவர் சார்லஸ் மான்ஸ்ஃபீல்ட், தாரிலிருந்து அதைப் பெருமளவில் பிரிக்கும் முறையை வகுத்தார். 1855இல் அதே பணியில் வாலைக்கலம் தீப்பற்ற, உடல் வெந்து இறந்தார். சாயம், மருந்து, வெடிமருந்து என்று ஒரு தொழிலுலகமே அத்திரவத்தின்மேல் எழுந்தது. 1865இல் கெக்குலே, ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்திருப்பதாக எழுதினார். பாம்பு தன் வாலைக் கவ்விய காட்சியைத் தூக்கக் கலக்கத்தில் கண்டதாக அவர் சொன்னது கால் நூற்றாண்டு கழித்து, 1890இல், தமக்கு நடந்த பாராட்டு விழாவில்தான். மகள் வரைந்த அறுகோணம் அவ்வழி வந்தது. இவ்வகைச் சேர்மங்களுக்கு ‘அரோமேட்டிக்’, அதாவது நறுமணமுள்ளவை, என்ற பெயர் வந்ததற்கும், முதலில் அறியப்பட்டவற்றுட் பல இத்தகைய பிசின்களிலும் வாசனை எண்ணெய்களிலும் கிடைத்ததே காரணம்.

ஆனால் மணம் பெயரில்தான். பென்சீன் கொடிய பொருள். நெடுங்காலம் அதன் ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளருக்கு இரத்தப் புற்றுநோய் வரும் என்பது உறுதிப்பட்டிருக்கிறது. பெயரின் உறவு பொருளின் உறவாகிவிடாது. சாம்பிராணியில் இருப்பது பென்சோயிக் அமிலமும் அதன் உறவுப்பொருள்களும். பென்சீன் திரவம் அன்று. இருப்பினும் எப்புகையும் புகையே. கதவடைத்த அறையில் கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே தூபக்காலை நீட்டுவது கூடாதென்று மருத்துவர்கள் சொல்வதை ஏற்பதே முறை. சன்னலைத் திறந்து வைப்பதால் மணம் குறைந்துவிடாது.

சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. பென்சீன் முஸ்லிம்கள் கண்டுபிடித்தது என்று கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றுவதை நான் இருமுறை பார்த்துவிட்டேன். அதில் உண்மையில்லை. மரம் பத்தாக் மக்களுடையது. அமிலத்தையும் திரவத்தையும் வளையத்தையும் கண்டவர்கள் ஐரோப்பிய வேதியியலார். நடுவில், கடல்மீது பல நூற்றாண்டுகளாக அச்சரக்கைச் சுமந்தவர்களும் அதற்குப் பெயர் தந்தவர்களுமே நம்மவர். வாலைவடித்தலில் ஜாபிரின் பெயரால் வழங்கும் நூல்களுக்கும் அல்ராஸீக்கும் உள்ள இடத்தை எவரும் மறுப்பதில்லை. இல்லாத இடத்தில் அவர்களை இழுத்துவந்து நிறுத்தினால், உள்ள இடத்திலும் பிறர் நம்ப மறுப்பர். என் மகள் அச்செய்தியை வகுப்பில் சொல்லி, ஆசிரியர் திருத்தி, அவள் தலைகுனிந்து வந்திருந்தால், அந்தத் தலைகுனிவில் செய்தியைப் பரப்பிய நமக்கும் பங்குண்டு.

புட்டிக்கு வருவோம். பென்சோயிக் அமிலம் பூஞ்சையையும் நொதியையும் தடுக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் அறிந்தனர். நீரில் எளிதில் கரையும்படி அதைச் சோடிய உப்பாக்கிப் பானங்களிலும் ஊறுகாயிலும் சேர்க்கின்றனர். அதுவே 211. இன்று அதற்காக எந்த மரத்தையும் கீறுவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுயீனை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து அமிலமாக்கி, அதைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்குகின்றனர். கொழுப்பு எவ்விடத்திலும் வருவதில்லை. பன்றியும் இல்லை, மாடும் இல்லை.

இவ்வளவையும் உம்மாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. லுபானும் ஜாவாவும் மட்டும் சொன்னேன். மஃரிப் தொழுது முடித்துத் தஸ்பீஹோடு அமர்ந்திருந்தவர், “ஜாவாச் சரக்கா? உன் பாட்டனார் பினாங்கிலேருந்து வரும்போது தகர டின்னிலே கொண்டாருவாங்க. வெள்ளைக் கட்டி. இப்ப கடையிலே விக்கிறதுக்கு அந்த வாசமே இல்லே” என்றார். பிறகு தணலில் இருந்த துண்டை மூக்கருகே கொண்டுவரச் சொல்லி முகர்ந்து பார்த்து, இது மரத்தூள் கலந்தது, நாளை வேறு கடையில் வாங்கி வா என்றார். சர்பத்துப் புட்டியை மகள் அதற்குள் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்தாள்.